எட்டேகால் குதிரை!

பைக் வைத்திருக்கிற எந்த இளைஞனுக்கும் இருக்கிற குதிரைத்திறன் போதாது. சம்பளம் மாதிரிதான். வண்டியை மாற்றாமல் எஞ்சினுக்குக் கொஞ்சம் தெம்பு ஏற்ற வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள், மெக்கானிக் உலகம் உடனே இரண்டு கட்சியாகப் பிரியும். "டர்போ போடுங்க" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் எதுக்கு சார்? ஹெட்டை லேத்துல குடுத்து இழைச்சாப் போதும், பறக்கும்" என்பது இன்னொன்று.

நான் இரண்டாவது கட்சி. ஆனால் அந்த 'பறக்கும்' என்பதில்தான் கொஞ்சம் தகராறு.

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் வந்து நிரம்புகின்றன. மேலே ஏறும்போது அதை ஒரு மூலையில் வைத்து நசுக்குகிறது. ஒன்பது பங்கு இடத்தில் இருந்ததை ஒரு பங்கு இடத்தில் அடைத்தால் கம்ப்ரஷன் ரேஷியோ 9. நன்றாக நெருக்கிக் கொளுத்தினால், எரிந்த வாயு விரிவதற்குக் கூடுதல் வாய்ப்பு. சைலன்ஸர் வழியாக வீணாகப் போகிற சூட்டில் கொஞ்சம் சக்கரத்துக்கு வந்து சேரும். டர்போ சமாசாரம் வேறு. அது காற்றையே அதிகமாகத் திணிக்கிறது. அதிகக் காற்று, அதிகப் பெட்ரோல், அதிக சக்தி. முன்னது, அதே மாவில் இன்னொரு தோசை. பின்னது, மாவையே கூடுதலாக அரைப்பது.

கணக்குப் பார்ப்போமா? 100 சி.சி. எஞ்சின், ரேஷியோ 9 என்றால், பிஸ்டன் உச்சிக்குப் போனபின் மிஞ்சும் இடம் பன்னிரண்டரை சி.சி. அதைப் பதினொன்று சொச்சமாகக் குறைத்தால் ரேஷியோ 10. போர் 50 மில்லிமீட்டர் என்றால் உயரத்தில் குறைய வேண்டியது முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. லாபம்? பாடப்புத்தகச் சூத்திரப்படி சுமார் 3 சதவீதம். எட்டுக் குதிரை எட்டேகால் குதிரையாகும்! (நிஜத்தில் அந்தக் காலும் முழுசாகக் கிடைக்காது.) ஆனால் மைலேஜும் கூடவே ஏறும். டர்போ ஒன்றரை மடங்கு காற்றைத் திணித்தால் பன்னிரண்டு குதிரை வரை எதிர்பார்க்கலாம். மைலேஜைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது.

சரி, இன்னும் இழைத்து 12, 14 என்று போனால் என்ன? இங்கேதான் வில்லன் என்ட்ரி. பெயர், நாக்கிங். அளவுக்கு மீறி நசுக்கினால் கலவை சூடேறி, பிளக் மூட்டிய தீ வந்து சேருவதற்குள் ஓரத்தில் இருப்பது தானாகவே வெடிக்கும். தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டிய சத்தம். எங்கள் ஆபீஸில் பர்ச்சேஸ் செக்‌ஷன் தம்பி ஒருவர் பட்டறைக்காரர் பேச்சைக் கேட்டு ஒன்றரை மில்லி இழைத்தார். இரண்டு மாதம் ஜோராகத்தான் ஓடியது. அந்த பிஸ்டன் இப்போது அவர் மேஜையில் இருக்கிறது. நடுவில் விழுந்த ஓட்டை பேனா சொருக வசதி.

டர்போவுக்கும் இதே வில்லன்தான். அதனால்தான் டர்போவோ சூப்பர்சார்ஜரோ வந்தால் ரேஷியோவை இறக்குவது வழக்கம். 2015-ல் கவாஸாகி விற்ற இரண்டு பைக்குகளைப் பாருங்கள். இரண்டும் 998 சி.சி. சூப்பர்சார்ஜர் வைத்த நிஞ்ஜா எச்2-வுக்கு ரேஷியோ 8.5. சூப்பர்சார்ஜர் இல்லாத இஸட்எக்ஸ்-10ஆருக்கு 13. இரண்டும் தந்தது 200 குதிரை! ஒன்றே வித்தியாசம்: பின்னது அதற்கு 13,000 ஆர்.பி.எம். வரை அலற வேண்டும், முன்னது 11,000-த்திலேயே கொடுத்துவிடும். இழுவையும் அதில்தான் அதிகம்.

வில்லனோடு நேருக்கு நேர் மோதியது ஜப்பானின் மாஸ்டா. ஐரோப்பியக் கம்பெனிகள் எஞ்சினைச் சின்னதாக்கி டர்போ மாட்டிக்கொண்டிருந்த சமயம். 2011-ல் மாஸ்டா, டர்போ இல்லாத ஸ்கைஆக்டிவ் எஞ்சினில் ரேஷியோவை 14-க்கு ஏற்றியது. எப்படி? எரிந்த புகை ஒவ்வொரு தடவையும் முழுசாக வெளியேறாது. கொதிக்கக் கொதிக்கத் தங்கிவிடும் அந்த மிச்சம்தான் புதுக் கலவையைச் சூடாக்கி நாக்கிங்குக்குத் தூபம் போடுகிறது. மிச்சத்தை 8 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைத்தால், அதே சூட்டில் ரேஷியோவை மூன்று படி ஏற்றலாம் என்று கணக்குப் போட்டார்கள். 2012-ல் வந்த சிஎக்ஸ்-5 காரில் புகைக் குழாய்களை நீளமாக வளைத்து, நாலை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கினார்கள். ஒரு சிலிண்டரின் புகை அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாதல்லவா! பெட்ரோலை சிலிண்டருக்குள்ளேயே பீச்சினார்கள். அது ஆவியாகும்போது உள்ளே குளிரும். பிஸ்டன் தலையில் ஒரு குழியும் வைத்தார்கள். இத்தனை செய்தும், ஆக்டேன் குறைந்த பெட்ரோல் ஓடும் அமெரிக்காவில் 13-ஓடு நிறுத்திக்கொண்டார்கள். நம்ம லேத் பட்டறையில் இழைப்பது மட்டும்தான் நடக்கிறது, மற்றதெல்லாம் நடப்பதில்லை.

அந்த மாஸ்டாவே 2016-ல், சிஎக்ஸ்-9 என்ற மூன்று வரிசை சீட் காருக்கு 2.5 லிட்டர் டர்போ எஞ்சின் வைத்தது. குடும்பம் பெரிசு, வேறு வழியில்லை. ரேஷியோ 10.5-க்கு இறங்கியது. சாதாரண பெட்ரோலில் 227 குதிரை, உசத்திப் பெட்ரோல் ஊற்றினால் 250. அந்த எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பார்த்து டைமிங்கை மாற்றிக்கொள்ளும். ரேஷியோ 9 உள்ள நம் எட்டுக் குதிரை வண்டியில் அதே உசத்திப் பெட்ரோலை ஊற்றினால், இளைப்பது பர்ஸ் மட்டும்தான்.