பெரிய திரையில் திணறும் உலாவி

லினக்ஸ் இயங்கும் மடிக்கணினியின் சொந்தத் திரையில் வழுக்கிக்கொண்டு ஓடும் உலாவி, அதே கணினியில் வெளி மானிட்டர் ஒன்றை இணைத்ததும் திணறத் தொடங்குவதுண்டு. பக்கத்தை உருட்டினால் எழுத்துகள் துள்ளித் துள்ளி நகரும். காணொளி விட்டு விட்டு ஓடும். சுட்டி கையசைவுக்குச் சற்றுப் பின்தங்கி வரும். கோளாறு உலாவியில் தெரிந்தாலும் அதன் காரணம் பெரும்பாலும் உலாவிக்கு வெளியே, படம் வரையப்படும் சிப்புக்கும் அது ஒளிரும் மானிட்டருக்கும் இடையிலுள்ள வழியில்தான் இருக்கும். எனவே மானிட்டர் முனையில் தொடங்கி உலாவியை நோக்கிப் பின்னோக்கித் தேடுவதே சுருக்கமான வழி.

மானிட்டர் தன் படத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 16.7 மில்லிவிநாடிக்கு ஒரு படம் வேண்டும்; 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 6.9 மில்லிவிநாடிக்கு ஒன்று. இந்தக் கெடுவுக்குள் அடுத்த படம் வந்து சேராவிட்டால் பழைய படமே இன்னொரு சுற்று நிற்கும். இது ஒழுங்கற்று நேரும்போது கண் அதைத் திணறலாக உணர்கிறது. படங்களின் எண்ணிக்கை குறைவதைவிட, அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருப்பதுதான் அதிகம் உறுத்தும்.

கேபிளும் இணைப்பானும்

முதலில் பார்க்க வேண்டியது, மானிட்டர் உண்மையில் எத்தனை ஹெர்ட்ஸில் இயங்குகிறது என்பது. 3840 × 2160 புள்ளிகள் கொண்ட 4கே படத்தை விநாடிக்கு 60 முறை அனுப்ப, புள்ளிகளின் தரவுக்கு மட்டுமே ஏறத்தாழ 12 கிகாபிட் தேவை. 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இன் மொத்தத் திறனே விநாடிக்கு 10.2 கிகாபிட்தான். அந்த இணைப்பில் 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு படமும் 33 மில்லிவிநாடி நிற்கும். 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0-உம் (18 கிகாபிட்), அதற்கு முன்பே வந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2-உம் 60 ஹெர்ட்ஸைத் தாங்கும்.

போர்ட், கேபிள், இடையிலுள்ள ஹப் ஆகியவற்றில் எது பலவீனமானதோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கிறது. யுஎஸ்பி-சி ஹப்கள் பலவும் கேபிளின் அதிவேகத் தடங்கள் நான்கில் இரண்டை மற்றத் தரவுக்கு ஒதுக்கி, எஞ்சிய இரண்டில்தான் படத்தை அனுப்புகின்றன. அதனாலும் 4கே 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடலாம். சில மானிட்டர்களில் எச்டிஎம்ஐ பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு அவற்றின் சொந்த மெனுவிலேயே இருக்கும். அது பழைய பதிப்பில் விடப்பட்டிருந்தாலும் இதே விளைவுதான்.

டெஸ்க்டாப்பின் திரை அமைப்புகளில் இந்த எண்ணைக் காணலாம். எக்ஸ்11 என்ற சாளர அமைப்பின் அமர்வில் ‘எக்ஸ்ரேண்டர்’ கட்டளையைக் கொடுத்தால், நடப்பு வேகத்துக்கு அருகே நட்சத்திரக் குறி நிற்கும். அங்கே 30 என்று இருந்தால், தெளிவுத்திறனைத் தற்காலிகமாக 2560 × 1440-க்குக் குறைத்து 60 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். எச்டிஎம்ஐ 1.4 இதற்குப் போதும். திணறல் அப்போது மறைந்தால் குறை இணைப்பில்தான். கேபிளையோ ஹப்பையோ மாற்றினால் தீரும்.

டிஸ்ப்ளேலிங்க் வகை டாக்குகள் வேறு இனம். அவை படத்தைச் சுருக்கி, சாதாரண யுஎஸ்பி தரவாக அனுப்புகின்றன. சுருக்கும் வேலை கணினியின் மையச் செயலி மேல் விழுகிறது. பக்கம் உருளும்போதும் காணொளி ஓடும்போதும் திரை முழுவதும் மாறுவதால் இந்தச் சுமை உச்சத்துக்குப் போகும். இங்கே மென்பொருள் மாற்றங்களால் கிடைக்கும் பலன் குறைவு. மானிட்டரை நேரடிப் போர்ட்டில் இணைப்பதே தீர்வு.

இரண்டு கிராஃபிக்ஸ் சிப்கள்

என்விடியா சிப் கொண்ட மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப்கள் உண்டு. உள்திரையை இன்டெல் அல்லது ஏஎம்டி செயலிக்குள் இருக்கும் சிப் இயக்கும். எச்டிஎம்ஐ போர்ட்டோ பல மாடல்களில் தனி என்விடியா சிப்புடன் இணைக்கப்பட்டிருக்கும். உலாவி உள்சிப்பில் வரையும் ஒவ்வொரு படமும் மற்றச் சிப்பின் நினைவகத்துக்கு நகலாகிய பிறகே வெளி மானிட்டரை எட்டும். 4கே படம் ஒன்றின் அளவு சுமார் 33 மெகாபைட். 60 ஹெர்ட்ஸில் விநாடிக்கு ஏறத்தாழ 2 கிகாபைட் நகலெடுக்க வேண்டும். கிராஃபிக்ஸ் சிப் நகலெடுத்தால் சமாளிக்கலாம். மையச் செயலி வழியாக நகலானால் கெடு தவறத் தொடங்கும். உள்திரை மட்டும் சீராக ஓடுவதற்கு இதுவே காரணம்.

இப்படிப்பட்ட கணினியில் மானிட்டரை வேறொரு போர்ட்டுக்கு மாற்றிப் பார்ப்பது எளிய சோதனை. யுஎஸ்பி-சி போர்ட் உள்சிப்புடன் இணைந்திருந்தால் நகல் வேலையே மிஞ்சாது. இன்னொரு வழி, என்விடியா சிப்பையே முதன்மையாக்குவது. உபுண்டுவில் ‘பிரைம்-செலக்ட்’ என்ற கருவி இதைச் செய்கிறது. மின்கலம் விரைவில் தீரும் என்பது அதற்கான விலை. டிரைவரையும் கவனிக்க வேண்டும். 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலும் அடுத்து வந்த 10 வரிசையிலும், ‘நூவோ’ என்ற திறந்தமூல டிரைவரால் சிப்பின் வேகத்தை உயர்த்த முடியாது. சிப் தொடக்க வேகத்திலேயே கிடக்கும். அவற்றுக்கு என்விடியாவின் சொந்த டிரைவர் தேவை.

எக்ஸ்11-உம் வேலண்டும்

அடுத்தது, சாளரங்களை ஒன்றுசேர்த்துத் திரைக்கு அனுப்பும் அடுக்கு. எக்ஸ் சாளர அமைப்பு அமெரிக்காவின் எம்ஐடியில் 1984-இல் பிறந்தது. 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. அதன் இன்றைய நடைமுறையில் மானிட்டர்கள் அனைத்தும் சேர்ந்து ஒரே பெரிய பரப்பு. முழுப் பரப்பையும் பொதுவாக ஒரே தாளத்தில்தான் புதுப்பிக்க முடியும். மடிக்கணினித் திரை 144 ஹெர்ட்ஸ், வெளி மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், ஏதாவது ஒன்றின் தாளம் தவறும். இரண்டையும் 60-க்குக் கொண்டுவந்தோ, உள்திரையை அணைத்தோ பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எக்ஸுக்கு மாற்றாகக் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கிய வேலண்டின் அமைப்பில் ஒவ்வொரு மானிட்டரையும் அதனதன் வேகத்தில் இயக்கலாம்; அடுத்த படத்தை எப்போது வரையலாம் என்ற அறிவிப்பும் உலாவிக்குக் கிடைக்கிறது. லினக்ஸ் விநியோகமான ஃபெடோரா 25 இதை 2016-இலேயே இயல்பிருப்பாக்கியது. நுழைவுத் திரையிலேயே அமர்வின் வகையை மாற்றும் வசதி பல விநியோகங்களில் உண்டு. என்விடியா சிப்களில் வேலண்ட் நெடுங்காலம் தடுமாறியது. 2024-இல் வந்த 555 வரிசை டிரைவர், சிப் வரைந்து முடித்ததை வெளிப்படையாகத் தெரிவிக்கும் ஒத்திசைவு முறையை ஆதரித்த பின் நிலைமை தேறியது.

வேலண்ட் அமர்வுக்குள்ளும் உலாவி பழைய எக்ஸ் நிரலாக, ‘எக்ஸ்வேலண்ட்’ வழியாக ஓடிக்கொண்டிருக்கலாம். ஃபயர்பாக்ஸ் 121-ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2023 டிசம்பர் முதல், தானாகவே வேலண்டைப் பயன்படுத்துகிறது. குரோமியம் வகை உலாவிகளின் பழைய பதிப்புகளில் ‘ஓசோன் பிளாட்ஃபார்ம்’ என்ற அமைப்பை வேலண்டுக்கு மாற்ற வேண்டும்.

திரை அளவு மாற்றமும் சுமை கூட்டும். 4கே மானிட்டரில் 150 சதவீதம் என்று வைத்தால், சில அமைப்புகள் படத்தை முதலில் 5120 × 2880 அளவில் வரைந்து பிறகு சுருக்குகின்றன. 83 லட்சம் புள்ளிகளுக்குப் பதில் 147 லட்சம் புள்ளிகளை ஒவ்வொரு முறையும் வரைய நேர்கிறது. 100 அல்லது 200 சதவீதத்துக்கு மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கடைசியாக உலாவி

மேலே சொன்னவை சரியாக இருந்தும் திணறல் நீடித்தால் உலாவியைச் சோதிக்கலாம். ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் ‘அபவுட்:சப்போர்ட்’ என்று தட்டினால் ‘காம்பாசிட்டிங்’ என்ற வரி வரும். அதில் ‘வெப்ரெண்டர்’ என்பதை அடுத்து ‘சாஃப்ட்வேர்’ என்றும் இருந்தால், பக்கத்தை வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப் செய்யவில்லை. மையச் செயலி செய்கிறது. குரோமில் ‘ஜிபியு’ என்ற உள்பக்கம் இதே தகவலைத் தரும். 1920 × 1080 உள்திரையில் இந்தக் குறை வெளித்தெரியாமல் போகலாம். 4கே மானிட்டரில் புள்ளிகள் நான்கு மடங்கு என்பதால் அங்கேதான் வெளிப்படும். அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தை இயக்குவதும், ‘மேசா’ உள்ளிட்ட டிரைவர் தொகுப்புகளைப் புதுப்பிப்பதும் வழக்கமான தீர்வுகள்.

உருட்டல் சீராக இருந்து காணொளி மட்டும் தடுமாறினால், காணொளியைச் சிப்பே விரித்துக் காட்டும் ‘விஏ-ஏபிஐ’ வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘விஏஇன்ஃபோ’ கட்டளை, சிப் ஆதரிக்கும் காணொளி வடிவங்களைப் பட்டியலிடும். பட்டியலுக்குப் பதில் பிழைச்செய்தி வந்தால், அந்தச் சிப்புக்கான விஏ-ஏபிஐ டிரைவரை நிறுவ வேண்டும்.

எந்தக் கட்டத்திலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். கேபிளையும் டிரைவரையும் அமர்வையும் ஒன்றாக மாற்றினால் திணறல் நிற்கலாம். எதனால் நின்றது என்பது தெரியாது. அடுத்த மேம்படுத்தலில் அது திரும்பி வந்தால் தேடலை முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.