பந்தயக் காருக்குப் பவர் ஸ்டீயரிங் வேண்டுமா?

ஒரு கார் பட்டறை. அங்கே பழைய கார் ஒன்று நிற்கிறது. அதைப் பந்தயப் பாதையில் ஓட்டத் தயார் செய்கிறார்கள். பின் சீட்டைக் கழற்றிவிட்டார்கள். ரேடியோவை எடுத்துவிட்டார்கள். ஏசியும் போய்விட்டது. கனம் குறைந்தால் கார் வேகமாக ஓடும். அதனால் வேண்டாத பொருள் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

இளைய மெக்கானிக் எஞ்சின் பக்கம் குனிந்தார்.

"அண்ணே, இந்தப் பவர் ஸ்டீயரிங் பம்பையும் கழற்றிடலாமா? ஏழெட்டுக் கிலோ குறையுமே!"

மூத்த மெக்கானிக் சிரித்தார். அந்தக் காரில் பம்புக்குத் தனி பெல்ட் இருந்தது. "பெல்ட்டை மட்டும் கழற்று தம்பி. பட்டறை வாசல்ல ரெண்டு வட்டம் போட்டுட்டு வா. அப்புறம் பேசலாம்" என்றார்.

தம்பி போனார். திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"கல்லு மாதிரி இருக்குண்ணே!"

ஏன் கல் மாதிரி ஆனது? அதைப் புரிந்துகொள்ள, ஸ்டீயரிங் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

ஸ்டீயரிங்கின் அடியில் ஒரு கம்பி போகிறது. கம்பியின் முனையில் சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது பற்கள் வெட்டிய நீளமான இரும்புச் சட்டத்தைத் தள்ளுகிறது. பட்டறையில் இந்தச் சட்டத்தை ரேக் என்பார்கள். ரேக்கின் இரண்டு முனைகளும் முன் சக்கரங்களோடு சேர்ந்திருக்கின்றன. ரேக் இடது பக்கமோ வலது பக்கமோ நகர்ந்தால் சக்கரங்கள் திரும்பும்.

சக்கரத்தின் மேல் வண்டியின் கனம் இருக்கிறது. டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் திருப்பப் பலம் வேண்டும். பழைய லாரிகளை நினைத்துப் பாருங்கள். ஸ்டீயரிங் பெரிய தாம்பாளத்தைவிட அகலமாக இருக்கும். ஒரு வளைவுக்கு அதைப் பலமுறை சுற்ற வேண்டும். ஜாக்கி வைத்து லாரியைத் தூக்குகிறோம் அல்லவா? பலமுறை சுற்றுகிறோம். லாரி கொஞ்சம்தான் உயர்கிறது. ஆனால் ஒரே ஆள் தூக்கிவிடுகிறார். லாரி ஸ்டீயரிங்கும் அதே கணக்குதான். அதிகம் சுற்றினால் பலம் குறைவாகப் போதும்.

அப்படிச் சுற்றியும் டிரைவர்களின் தோள் வலித்தது. அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் இருந்தார். அவர் லாரி செய்யும் கம்பெனியில் வேலை செய்தவர். கனமான லாரிகளைத் திருப்ப டிரைவர்கள் படும் பாடு அவருக்குத் தெரியும். 1926இல் அவர் பவர் ஸ்டீயரிங்கைச் செய்து காட்டினார். ஆனால் கார் வாங்கும் மக்களுக்கு அது வந்து சேர 25 ஆண்டுகள் ஆயின. 1951இல் கிரைஸ்லர் கம்பெனியின் இம்பீரியல் காரில்தான் முதலில் வந்தது.

ஆயில் செய்யும் வேலை

எஞ்சின் ஓடும்போது பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளுகிறது. நீங்கள் ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினால் அதற்குரிய வால்வு திறக்கும். ஆயில் ஓடி வந்து ரேக்கை அந்தப் பக்கமே தள்ளும். இடது பக்கம் திருப்பினாலும் அப்படியே. மண் அள்ளும் பொக்லைன் இயந்திரத்தின் பெரிய கையைத் தூக்குவதும் இதே ஆயில் அழுத்தம்தான். உங்கள் கை வழியைக் காட்டுகிறது. பாரத்தை ஆயில் சுமக்கிறது.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். பவர் ஸ்டீயரிங் இல்லாமலே செய்த காரும் உண்டு. பழைய மாருதி 800 கார் அப்படித்தான். அதைச் சாதாரண ஆள் சுலபமாகத் திருப்புவார். பெல்ட்டைக் கழற்றிய கார் மட்டும் ஏன் இப்படி இறுகியது?

ஆயில் உதவும் என்று நம்பித்தான் அந்தக் காரின் ஸ்டீயரிங்கைச் செய்திருக்கிறார்கள். குறைவாகச் சுற்றினாலே சக்கரம் அதிகம் திரும்பும்படி பற்களை வைத்திருக்கிறார்கள். உதவி போய்விட்டால் முழுப் பாரமும் கைக்கு வருகிறது. அது மட்டும் அல்ல. ரேக்குக்கு உள்ளே இன்னும் ஆயில் நிற்கிறது. சக்கரத்தைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த ஆயிலையும் சின்னக் குழாய் வழியே கையாலேயே தள்ள வேண்டும். உதவிக்கு வந்தது உபத்திரவம் ஆகிவிடுகிறது.

பந்தயப் பாதையில் என்ன நடக்கிறது?

நின்ற காரில் ஸ்டீயரிங் மிகவும் கனமாக இருக்கும். கார் உருளத் தொடங்கினால் லேசாகும். சாலையில் ஓட்டுகிற எல்லாருக்கும் இது தெரியும். அப்படியானால் வேகமாக ஓடும் பந்தயக் காரில் பவர் ஸ்டீயரிங் எதற்கு?

பந்தயப் பாதையில் கார் நேராக ஓடும் நேரம் குறைவு. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சென்னைப் பந்தயப் பாதை இருக்கிறது. அது 1990இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அதில் 12 வளைவுகள். பத்துச் சுற்று ஓடினால் 120 வளைவுகள்! தில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் புத் பந்தயப் பாதை இருக்கிறது. அங்கே ஒரு சுற்றுக்கு 16 வளைவுகள்.

ஓட்டுநர் வளைவுக்கு முன்னால் பிரேக்கை ஓங்கி மிதிப்பார். காரின் கனம் முன் சக்கரங்களின் மேல் சாயும். பந்தய டயர் அகலமானது. சூடானால் தார்ச்சாலையைப் பசை போலப் பிடிக்கும். வேகமாகத் திரும்பும்போது சக்கரம் நேராக வரத்தான் பார்க்கும். அதை வளைவு முடியும் வரை கையால் பிடித்து நிறுத்த வேண்டும். வெயில் காலத்தில் காருக்குள் அடுப்பங்கரை போலச் சூடு. தலையில் ஹெல்மெட். உடம்பில் தீப்பிடிக்காத தடித்த உடை. கையில் கையுறை.

முதல் ஐந்து சுற்றுகளில் ஒன்றும் தெரியாது. பிறகு முன்கை கடுக்கும். தோள் இறங்கும். அந்த நேரத்தில் காரின் பின்பக்கம் வழுக்கினால் என்ன ஆகும்? ஓட்டுநர் கண் இமைக்கும் நேரத்தில் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் அரைச் சுற்றுச் சுற்ற வேண்டும். கை சோர்ந்திருந்தால் கொஞ்சம் தாமதம் ஆகும். கார் சுழன்று தடுப்புச் சுவரில் மோதிவிடும். ஏழெட்டுக் கிலோ குறைத்த லாபம் அங்கே போய்விடும். ஆளுக்கும் அடிபடும்.

கழற்ற வேண்டும் என்பவர்களும் சும்மா சொல்லவில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. பட்டம் விடுகிறவருக்கு நூல் வழியே காற்று தெரியும். நல்ல ஓட்டுநருக்கு ஸ்டீயரிங் வழியே சாலை தெரியும். முன் டயரின் பிடி நழுவப் போகிறது என்றால் ஸ்டீயரிங் கையில் லேசாகும். அது ஓர் எச்சரிக்கை. ஆயில் உதவி மிக அதிகமாக இருந்தால் ஸ்டீயரிங் எப்போதுமே லேசாக இருக்கும். எச்சரிக்கை கைக்குத் தெரியாது. எஞ்சின் பலத்திலும் கொஞ்சத்தைப் பம்ப் எடுத்துக்கொள்கிறது. அதுவும் உண்மைதான்.

அதனால் காரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நம் நாட்டில் மாருதி எஞ்சின் வைத்த சின்னப் பந்தயக் கார்கள் ஓடின. ஃபார்முலா மாருதி என்று பெயர். ஒருவர் மட்டும் உட்காரும் வண்டி. எஞ்சின் பின்னால் இருக்கும். மூக்குப் பக்கம் கனம் இல்லை. அதற்குப் பவர் ஸ்டீயரிங் தேவைப்படவில்லை. எஞ்சின் முன்னால் இருக்கும், ஆயிரம் கிலோ கனமுள்ள வீட்டுக் காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதில் அகலமான டயரும் போட்டால் பவர் ஸ்டீயரிங்கை வைத்துக்கொள்வதே நல்லது.

உலகப் பந்தயங்களிலும் ஒரே வழக்கம் இல்லை. 2011 முதல் 2013 வரை புத் பாதையில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. அந்தக் கார்களில் ஆயிலால் இயங்கும் பவர் ஸ்டீயரிங் உண்டு. மின்சாரத்தால் இயங்குவதற்கு அனுமதி இல்லை. அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத்தில் பவர் ஸ்டீயரிங்கே கிடையாது. அந்த ஓட்டுநர்கள் கைக்கும் தோளுக்கும் தனியாக உடற்பயிற்சி செய்கிறார்கள். வாரம் முழுவதும் வேறு வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் ஓட்டுகிறவரால் அது முடியுமா?

வைத்தாலும் வேலை, எடுத்தாலும் வேலை

பவர் ஸ்டீயரிங்கை வைத்துக்கொண்டால் சூட்டைக் கவனிக்க வேண்டும். பந்தயத்தில் எஞ்சின் எப்போதும் வேகமாகச் சுற்றும். பம்பும் அதோடு சுற்றும். ஆயில் கொதிக்கும், நுரைக்கும், டப்பாவின் மூடி வழியே வழியும். பக்கத்தில் புகைக்குழாய் நெருப்பாகக் காய்ந்திருக்கும். அதில் ஆயில் பட்டால் புகை வரும். தீயும் பிடிக்கலாம். அதனால் பம்பில் கொஞ்சம் பெரிய சக்கரம் போடுவார்கள். பம்ப் மெதுவாகச் சுற்றும். ஆயிலைக் குளிர வைக்க ஒரு சின்ன ரேடியேட்டரும் வைப்பார்கள். பழைய ரப்பர் குழாய்களை மாற்றிவிடுவார்கள்.

எடுப்பதானால் அரைகுறையாக எடுக்கக் கூடாது. பவர் இல்லாத ரேக் அந்த மாடலுக்குக் கிடைத்தால் அதைப் போடுவதே சரி. அதில் அதிகம் சுற்ற வேண்டும். ஆனால் கைக்கு அடங்கும். அது கிடைக்காதபோது சிலர் பழைய ரேக்கையே பிரித்து, உள்ளே ஆயில் அடைக்கும் வளையத்தை எடுத்துவிடுவார்கள். தெரிந்த கை செய்தால்தான் அது தாங்கும். ஸ்டீயரிங் விஷயத்தில் பழகிப் பார்க்கும் வேலை கூடாது.

புதிய கார்களில் ஆயில் இல்லை. ஒரு மின் மோட்டார் உதவுகிறது. நேராகப் போகும்போது அது எஞ்சின் பலத்தை அதிகம் எடுப்பதில்லை. ஃபியூஸைப் பிடுங்கினால் லாபம் என்று நினைப்பவர் உண்டு. மோட்டார் அங்கேயேதான் இருக்கும், கனமும் குறையாது. அதையும் சேர்த்துக் கைதான் சுற்ற வேண்டும்.

இவை எல்லாம் பந்தயப் பாதைக்கு மட்டும். சாலையில் ஓடும் வண்டியில் இப்படிச் செய்யாதீர்கள். கம்பெனி செய்து தந்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

லாரி, வேன், டாக்சி ஓட்டுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டீசல் மிச்சம் என்று மலை இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள் சிலர். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். தம்பிக்கு ஆனதுபோல ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகும். பலமாகத் திருப்பினால் திரும்பும்தான். ஆனால் கொண்டை ஊசி வளைவு அதுவரை காத்திருக்காது. பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். சாவியை முழுவதும் திருப்பி உருவிவிட்டால் இன்னும் மோசம். ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும்.

பட்டறையில் பம்பை எடுக்கவில்லை. தம்பியே பெல்ட்டைத் திரும்ப மாட்டினார். பெரிய சக்கரம் ஒன்று கடைந்து வந்தது. புது ஆயில் ஊற்றினார்கள். பந்தயப் பாதையில் முதல் ஐந்து சுற்று ஓடியதும் காரை நிறுத்தினார்கள். தம்பி பழந்துணியால் ஆயில் டப்பாவின் மூடியைச் சுற்றித் துடைத்துப் பார்த்தார். துணியில் ஈரம் இல்லை.

"இன்னும் அஞ்சு சுற்று போகலாம்ணே" என்றார்.