இழுத்தால் மட்டும் போதுமா?

டிரெய்லர் பூட்டாமல் சித்தியவான் சாலையில் லுமுட் துறைமுகம் பக்கம் போகும் இழுவை லோரியைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் முதுகில் கிரீஸ் பூசிய வட்டத் தட்டு ஒன்று இருக்கும். டிரெய்லரின் அடியில் உள்ள தடித்த இரும்பு முளை இதில்தான் வந்து பூட்டிக்கொள்ளும். இந்தத் தட்டின் பெயர் 'ஐந்தாம் சக்கரம்'. ஆனால், இது உருளாது. நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் வைத்த வளையத்தின் பெயர், லோரிக்கும் வந்துவிட்டது.

அமெரிக்காவில் பெரிய பிக்கப் வண்டிகளிலும் இதைப் பொருத்தி, வீடு போன்ற டிரெய்லர்களை இழுக்கிறார்கள். எந்த வண்டி எதை இழுக்கலாம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பிக்கப்பின் இழுவை வரம்பு 3,500 கிலோ. அது சுமக்கக்கூடிய பாரம், ஆட்களையும் சேர்த்து, 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் எடையும் 3,500 கிலோ. சரியாகப் பொருந்துகிறதே என்று தோன்றும். ஆனால், ஐந்தாம் சக்கர டிரெய்லர் தன் எடையில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை இழுக்கும் வண்டியின் மேல் இறக்கும். அது 700 கிலோ. 70 கிலோ எடையுள்ள நால்வர் ஏறினால் 280. பூட்டும் இரும்புக்கு 60. மொத்தம் 1,040 கிலோ! இழுவை வரம்பு மீறப்படவில்லை. சுமை வரம்பு மீறப்பட்டுவிட்டது.

பாரம் எங்கே அமர்கிறது என்பதும் முக்கியம். வண்டியின் வாலில் உள்ள கொக்கியில் டிரெய்லரை மாட்டினால் நெம்புகோல் தத்துவம் வேலை செய்யும். பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 350 கிலோ அழுத்தினால், அச்சுகளுக்கிடையே 3 மீட்டர் உள்ள வண்டியின் முன் சக்கரங்களில் 140 கிலோ (350 × 1.2 ÷ 3) குறைந்துவிடும். வண்டியைத் திருப்பும் சக்கரங்களே பிடிமானம் இழக்கும். ஐந்தாம் சக்கரமோ பின் அச்சுக்கு மேலேயே அமர்வதால் இந்தத் தொல்லை இல்லை. கனத்த பாரத்துக்கு அதைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

அடுத்தது பிரேக். 2,500 கிலோ பிக்கப்போடு 3,500 கிலோ டிரெய்லர் சேர்ந்தால், அதே வேகத்தில் இயக்க ஆற்றல் 2.4 மடங்காகும். அவ்வளவும் பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். அதனால்தான் கனத்த டிரெய்லருக்குத் தனி பிரேக் தேவை.

வரம்பு வெறும் எண்ணல்ல. 2025 மே 13-ஆம் நாள், நம் பக்கத்துத் தெலுக் இந்தானில் சரளைக்கல் லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர் உயிரிழந்தனர். அந்த லோரி அனுமதிக்கப்பட்டதைவிட அதிகப் பாரம் ஏற்றியிருந்தது விசாரணையில் தெரியவந்தது.

அடுத்த முறை நின்றிருக்கும் சரக்கு லோரியின் கதவைப் பாருங்கள். வெறும் எடை, பாரத்தோடு இருக்கலாகும் எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். அந்த லோரி சுமக்கக்கூடியது அவ்வளவுதான்.