ஓடுபாதை ஏன் நீளமாக வேண்டும்?
மதுரை விமான நிலையம் சொல்லும் இயற்பியல் பாடம்



விருதுநகரிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்கள் அல்லவா? திருமங்கலம் தாண்டி, கப்பலூர்ப் பக்கம் வரும்போது சன்னல் வழியே வானத்தைப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால், தாழப் பறக்கும் விமானம் ஒன்று கண்ணில் படும். சில நாட்களில் அது கிழக்கு நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். வேறு சில நாட்களில் மேற்கு நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். பாதை ஒன்றுதான்; திசை மட்டும் ஏன் மாறுகிறது?

இந்தக் கேள்விக்கு விடை கண்டால் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைக்கும். மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசுகிறார்களே, அது எதற்காக?

போர் தந்த தளம்

முதலில் பழைய கதையைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் மாதத்தில் கொழும்பு, திரிகோணமலை, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் குண்டுகள் விழுந்தன. தென்னிந்தியாவைக் காக்க விமானத் தளங்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. அந்த 1942ஆம் ஆண்டிலேயே மதுரைக்குத் தெற்கே, அவனியாபுரம், பெருங்குடி அருகில் உள்ள சமவெளி நிலம் பிரிட்டிஷ் விமானப் படையின் தளமாயிற்று.

சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு ஆகிய இடங்களிலும் அக்காலத்தில் ஓடுதளங்கள் எழுந்தன. போர் முடிந்ததும் அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சோழவரத்தில் பிற்காலத்தில் மோட்டார்ப் பந்தயம் நடந்தது! மதுரை மட்டும் பிழைத்துக்கொண்டது. கோயில் நகரம், வணிக நகரம் என்பதால் பயணிகள் விமானங்கள் அங்கே வரத் தொடங்கின.

அந்த வளர்ச்சியில் ஒரு துயரமும் உண்டு. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம், இறங்குவதற்காக உயரத்தைக் குறைத்தபோது மேற்கு மலைப்பகுதியில் மோதியது. அதிலிருந்த 31 பேரில் 21 பேர் மாண்டனர். விமான நிலையம் என்றால் நீண்ட சாலை மட்டும் அன்று; வழிகாட்டும் கருவிகளும் சேர்ந்ததே விமான நிலையம் என்பதை இத்தகைய விபத்துகள் உணர்த்தின. இன்று பெரிய விமான நிலையங்களில் இறங்கும் விமானத்துக்கு ரேடியோ அலைகள் 3 டிகிரி சரிவில் ஒரு கண்ணுக்குத் தெரியாத பாதையைப் போட்டுக் கொடுக்கின்றன. ஓடுபாதைக்கு 10 கிலோமீட்டர் தொலைவில் அந்தப் பாதையின் உயரம் என்ன? உங்கள் கணக்குப் புத்தகத்தின் டேன்ஜென்ட் அட்டவணையைப் பாருங்கள்: சுமார் 520 மீட்டர்.

மதுரையின் இன்றைய முனையக் கட்டடம் 2010ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் கொழும்புக்கு விமானம் பறந்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் நிலை வந்தது.

காற்றை எதிர்த்து ஓடு!

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம். மதுரை ஓடுபாதையின் ஒரு முனையில் 09 என்றும், மறுமுனையில் 27 என்றும் எழுதியிருக்கும். இவை திசைகாட்டியின் டிகிரிகள். கடைசிச் சுழியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். 09 என்றால் 90 டிகிரி, அதாவது கிழக்கு. 27 என்றால் 270 டிகிரி, அதாவது மேற்கு.

பட்டம் விடுகிற சிறுவன் எப்படி ஓடுகிறான்? காற்றுக்கு எதிராக ஓடுகிறான். விமானமும் அப்படியே. அதைத் தூக்குவது இறக்கையின் மீது பாயும் காற்று. எனவே தரையைப் பொறுத்த வேகம் முக்கியம் அன்று. காற்றைப் பொறுத்த வேகமே முக்கியம். தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்று அடிக்கும்போது மேற்கு நோக்கி ஓடும். வடகிழக்குப் பருவத்தில் கிழக்கு நோக்கி ஓடும்.

இதனால் எவ்வளவு லாபம்? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஜெட் விமானம் எழும்ப வினாடிக்கு 72 மீட்டர் வேகம் வேண்டும் என்று கொள்வோம். முடுக்கம் 2 அலகு. ஓய்விலிருந்து கிளம்பும் பொருள் கடக்கும் தூரத்துக்கு என்ன வாய்பாடு? வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 5184ஐ 4ஆல் வகுத்தால் 1296 மீட்டர்.

வினாடிக்கு 10 மீட்டர் எதிர்க்காற்று வீசினால், தரையில் 62 மீட்டர் வேகம் போதும். தூரம் 961 மீட்டராகக் குறைகிறது. அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 82 மீட்டர் வேகம் வேண்டும். தூரம் 1681 மீட்டர்! விமானி ஏன் திசையை மாற்றுகிறார் என்பது இப்போது புரிகிறதா?

வெயில் தின்னும் மீட்டர்கள்

1296 மீட்டர் போதும் என்றால், மதுரையில் சுமார் 2285 மீட்டர் ஓடுபாதை எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி.

எழும்பப் போகும் தறுவாயில் ஓர் எஞ்சின் பழுதாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானி பிரேக்கைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும். வேகக் குறைப்பு 3 அலகு என்றால், நிற்பதற்கு 5184ஐ 6ஆல் வகுக்கக் கிடைக்கும் 864 மீட்டர் வேண்டும். ஓடிய தூரத்தையும் சேர்த்தால் 2160 மீட்டர். அப்பாடா, ஓடுபாதைக்குள் அடங்கிவிட்டது!

ஆனால் இது 15 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கான கணக்கு. நம் ஊர்க் கத்திரி வெயில் உங்களுக்குத் தெரியும். 40 டிகிரியில் காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. 288 கெல்வினிலிருந்து 313 கெல்வினுக்கு ஏறினால், அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறையும். மெலிந்த காற்று குறைவாகவே தூக்கும். அதை ஈடுகட்ட வேகத்தின் வர்க்கம் 5184லிருந்து சுமார் 5634 ஆக உயர வேண்டும். இப்போது ஓட 1408 மீட்டர், நிறுத்த 939 மீட்டர். கூட்டினால் 2347 மீட்டர். ஓடுபாதையைத் தாண்டிவிட்டோம்! சூட்டில் எஞ்சினின் உந்துவிசையும் குறையும் என்பதை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

நம் கணக்கு தோராயமானதுதான். ஒவ்வொரு விமானத்துக்கும் துல்லியமான அட்டவணைகள் உண்டு. ஆயினும் அடிப்படை இதுவே. பாதை போதாவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும்: சரக்கு, அல்லது எரிபொருள், அல்லது பயணிகள். தொலைதூரம் செல்லும் விமானம் நிறைய எரிபொருள் சுமக்கும். எடை 20 சதவீதம் கூடினால் வேகத்தின் வர்க்கமும் அதே அளவு கூட வேண்டும். நம் 2347 மீட்டர் 2800ஐத் தாண்டிவிடும்.

தூத்துக்குடி வாகைக்குளத்தைப் பாருங்கள். அங்கே 1350 மீட்டர் பாதை இருந்தவரை சிறிய புரொப்பெல்லர் விமானங்களே வர முடிந்தது. அதை 3115 மீட்டராக நீட்டி, 2025ஆம் ஆண்டு ஜூலையில் புதிய முனையமும் திறந்தார்கள்.

ஏறக்கூடாத நம் ஊர்ச் சரக்கு

சிவகாசி வணிகர்கள் மதுரையில் விமானம் ஏறுகிறார்கள். ஆனால் அவர்கள் பெட்டியில் ஒரு கம்பி மத்தாப்புகூட இருக்கக் கூடாது. காரணம் அறிவீர்களா? தீயை அணைக்க ஆக்சிஜனைத் தடுப்பது வழக்கம். மத்தாப்பிலோ, பேரியம் நைட்ரேட் போன்ற பொருள் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தருகிறது. வெளிக்காற்றைத் தடுத்தாலும் அது எரியும். பறக்கும் விமானத்தின் சரக்கு அறையில் அந்தத் தீயை யார் அணைப்பது?

வாய்பாட்டில் இல்லாத எண்

மதுரை ஓடுபாதையை 12,500 அடிக்கு, அதாவது சுமார் 3810 மீட்டருக்கு நீட்டுவது திட்டம். குறுக்கே சுற்றுச்சாலை வருகிறது. ஓடுபாதைக்குக் கீழே சாலை செல்லச் சுரங்கவழி வேண்டும். அறுநூறு ஏக்கருக்கு மேல் நிலமும் வேண்டும். அந்த நிலம் வெற்றுத் தரை அன்று. அதில் வீடுகளும் வயல்களும் உண்டு. 2024ஆம் ஆண்டு நவம்பரில் சின்ன உடைப்பு கிராமத்து மக்கள், தங்களை வெளியேற்றும் முன் மாற்று இடமும் மறுவாழ்வும் தர வேண்டும் என்று போராடினார்கள்.

ஓடுபாதைக்கு எத்தனை மீட்டர் வேண்டும் என்று இயற்பியல் சொல்லிவிடும். அந்த மீட்டர்களுக்கு இடம் கொடுத்தவர் எங்கே வாழ்வார் என்பதற்கு இயற்பியலில் வாய்பாடு இல்லை. அதை நாம்தான் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். உங்களில் ஒருவர் நாளை பொறியாளராகவோ ஆட்சியராகவோ அந்த வரைபடத்தின் முன் உட்காரக்கூடும். அப்போது இரண்டு கணக்கையும் போடுங்கள்.

அதற்குமுன் ஒரு வீட்டுப் பாடம். 40 டிகிரி வெயில்; வினாடிக்கு 5 மீட்டர் எதிர்க்காற்று. நம் விமானம் 2285 மீட்டருக்குள் அடங்குமா? போட்டுப் பார்த்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.