ஆளை அளக்கும் அளவுகோல்

ஓர் இளைஞனின் ஆற்றலை எவ்வாறு அளப்பது? நிறையைத் தராசு காட்டும். உயரத்தை அளவுகோல் காட்டும். ஓட்டத்தின் வேகத்தை நிறுத்தற் கடிகாரம் காட்டும். ஆனால் நெருக்கடி வந்த வேளையில் அவன் நெஞ்சு கலங்காது நிற்பானா என்பதைக் காட்டும் கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே இருப்பதை நோக்கும்போது, இவ்வினா எத்துணைப் பழைமையானது என்பது விளங்கும். இதற்கு விடை காண ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டொலரைச் செலவிடும் ஒரு விளையாட்டையும், அதனை நடத்துவோர் கண்ட வெற்றி தோல்விகளையும் இவ்வாரம் நம் வாசகர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

அமெரிக்க உதைபந்தாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. அதிலே கால் பந்தைத் தொடும் நேரம் மிகச் சொற்பம். றக்பி ஆட்டத்தின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று அதனைச் சொல்லலாம். பக்கத்துக்குப் பதினொருவர், நூறு யார் நீளமான களம். பந்தை வைத்திருக்கும் கோஷ்டி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் முன்னேறவேண்டும். தவறினால் பந்து எதிர்க் கோஷ்டியின் கைக்குப் போய்விடும். இதில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு வகை உடலும் மனமும் வேண்டும். முன்வரிசையில் முந்நூறு இறாத்தல் நிறையுள்ள மலைபோன்ற மனிதர் நிற்பர். அவர்களுக்குப் பின்னே நின்று, இரண்டு மூன்று வினாடிகளுக்குள் களம் முழுவதையும் கண்ணால் அளந்து, பந்தை யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவரே 'குவார்ட்டர்பாக்' எனப்படும் ஆட்டத் தலைவர். பந்தை ஏந்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடுவோர் ஒரு சாரார். தூரத்தில் ஓடிச்சென்று பந்தைப் பிடிப்போர் மற்றொரு சாரார். அவர்களைத் தடுப்போர் வேறொரு சாரார்.

பலவீனருக்கு முதலிடம்

சர்வகலாசாலைகளில் ஆடித் தேறிய இளைஞர்களைத் தொழில்முறைக் கோஷ்டிகள் பங்கிட்டுக்கொள்ளும் ஆண்டுத் தெரிவுக்கு 'டிராவ்ட்' என்று பெயர். இதனை முன்மொழிந்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் கோஷ்டியின் சொந்தக்காரரான பேர்ட் பெல். பணம் படைத்த கோஷ்டிகளே நல்ல ஆட்டக்காரர் அனைவரையும் வாரிக்கொண்டு போனால், மற்றவை நலிந்து, ஈற்றில் விளையாட்டே அழிந்துபோகும் என்று அவர் 1935ஆம் ஆண்டில் வாதாடினார். கடைசியாக வந்த கோஷ்டிக்கே முதலில் தெரிவு செய்யும் உரிமை என்ற விதி அவ்வாறு பிறந்தது. 1936ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் திகதி, பிலடெல்பியா நகரத்து ஹோட்டல் ஒன்றில் ஒன்பது கோஷ்டிகள் கூடி 81 இளைஞரைத் தெரிவு செய்தன.

முதன்முதல் அழைக்கப்பட்ட பெயர் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜே பேர்வாங்கர் என்பதாகும். ஆனால் சம்பளப் பேச்சு ஒத்துவராமையால், அவர் ஒரு நாளேனும் தொழில்முறை ஆட்டம் ஆடாமலே வியாபாரத்தில் இறங்கிவிட்டார். கோஷ்டிகள் இளைஞரை மதிப்பிடுவதுபோல், இளைஞரும் அந்தத் தொழிலை மதிப்பிடுவர் என்ற பாடம் முதல் நாளிலேயே கிடைத்துவிட்டது. இன்று 32 கோஷ்டிகள் ஏழு சுற்றுகளில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோரைத் தெரிவு செய்கின்றன.

பரிசோதனை முகாம்

தெரிவுக்கு முன்னர் முந்நூறுக்கு மேற்பட்ட இளைஞர் ஒரு பெரும் பரிசோதனை முகாமுக்கு அழைக்கப்படுகின்றனர். 1987 முதல் இம்முகாம் இண்டியானாபொலிஸ் நகரில் நடைபெற்று வருகிறது. அங்கே உயரமும் நிறையும் மட்டுமன்றி, கையின் நீளமும் உள்ளங்கையின் அகலமுங்கூட அளக்கப்படும். 40 யார் ஓட்டம், நின்ற நிலையில் மேலே எழும்பும் பாய்ச்சல், 225 இறாத்தல் பாரத்தை எத்தனை முறை தூக்கமுடியும் என்ற சோதனை, விரைந்து திசை மாறி ஓடும் சோதனை ஆகியவை நடைபெறும். வைத்தியர்கள் பழைய காயங்களை ஆராய்வர். கோஷ்டித் தலைவர்கள் நேர்முகமாக வினவுவர். பன்னிரண்டு நிமிடத்தில் ஐம்பது வினாக்களுக்கு விடையளிக்கும் அறிவுச் சோதனையொன்றும் நெடுங்காலம் இருந்தது. 2022ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டது.

இதன்பின் ஒவ்வோர் இளைஞனுக்கும் 'பலம்', 'பலவீனம்' என இரு தலைப்புகளில் அறிக்கை தயாராகின்றது. இருபத்தொரு அல்லது இருபத்திரண்டு வயது இளைஞனின் குறைகளை நாடெங்கும் உள்ளோர் பத்திரிகையில் வாசிப்பர். அவனுடைய தாயும் வாசிப்பாள். முதற் சுற்றில் அழைக்கப்படுபவனுக்கும் கடைசிச் சுற்றில் அழைக்கப்படுபவனுக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. ஆகவே, அந்த அறிக்கையின் ஒரு வரி ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றவல்லது.

கடிகாரம் சொல்லாத சேதி

அறிக்கைகள் எவ்வளவு நம்பத்தக்கவை? 1995ஆம் ஆண்டில் பொஸ்ரன் கல்லூரியைச் சேர்ந்த மைக் மமுலா என்பவர் முகாமில் எல்லோரையும் வியக்கவைத்தார். முகாமில் நடக்கும் சோதனைகளையே முன்கூட்டிப் பயின்று சென்றவர் அவர். பிலடெல்பியாக் கோஷ்டி தனது பன்னிரண்டாம் இடத்தையும் வேறு உரிமைகளையும் விட்டுக்கொடுத்து, ஏழாம் இடத்துக்கு ஏறி அவரை எடுத்துக்கொண்டது. அவர் மோசமான ஆட்டக்காரர் அல்லர். ஆயினும் எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை. விட்டுக்கொடுத்த பன்னிரண்டாம் இடத்திலே தெரிவான வாரன் சாப், 2013ஆம் ஆண்டில் அவ்விளையாட்டின் கீர்த்தி மண்டபத்தில் இடம்பெற்றார். பரீட்சைக்குப் படிப்பது ஒன்று, பாடத்தைப் படிப்பது வேறொன்று என்பதை நம் மாணவர்களுக்கு இதனினும் தெளிவாக எடுத்துக்காட்ட இயலாது.

இதற்கு மறுதலையான கதை ரொம் பிறேடியுடையது. மிச்சிகன் சர்வகலாசாலையிலிருந்து 2000ஆம் ஆண்டில் முகாமுக்கு வந்த அவர், 40 யாரை ஓடி முடிக்க 5.28 வினாடி எடுத்துக்கொண்டார். ஆட்டத் தலைவருக்குங்கூட அது மந்தமான ஓட்டமே. மெலிந்த உடல், கால்களில் வேகமின்மை என்ற குறைகள் அறிக்கையில் இடம்பெற்றன. அவை பொய்யல்ல. ஆறு சுற்று வரையில் காத்திருந்து, 199ஆவது ஆளாக அவர் நியூ இங்கிலாந்துக் கோஷ்டியிற் சேர்ந்தார். அவருக்கு முன்னர் ஆறு ஆட்டத் தலைவர்கள் தெரிவாகியிருந்தனர். மறு ஆண்டு மூத்த ஆட்டக்காரர் காயமுற்றபோது களத்தில் இறங்கிய பிறேடி, 2023இல் ஓய்வு பெறுவதற்குள் ஏழு முறை 'சூப்பர் போல்' என்னும் இறுதி வெற்றியை ஈட்டியிருந்தார். விரைவாக முடிவெடுக்கும் மதியையும், தோல்வியின் விளிம்பிலும் கைநடுங்காத உறுதியையும் அளக்க அந்த முகாமில் கருவி இருக்கவில்லை.

1998ஆம் ஆண்டின் கதை இன்னும் கூர்மையானது. பெய்ற்றன் மனிங், றயன் லீவ் என்ற இருவருள் முதலாவதாக யாரை எடுப்பது என்று நிபுணர்கள் பல மாதங்கள் விவாதித்தனர். எறியும் கையின் வலிமையில் லீவே மேலானவர் என்றோர் பலர். இண்டியானாபொலிஸ் மனிங்கை எடுத்தது. சன் டியேகோ லீவை எடுத்தது. மனிங் ஐந்து முறை ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். லீவோ 14 முறை புள்ளிக்காக எறிந்து, 36 முறை பந்தை எதிரியிடம் பறிகொடுத்து, 2001க்குப் பின் களத்திலிருந்து மறைந்தார். கையில் குறை இருக்கவில்லை; தோல்வியையும் கண்டனத்தையும் தாங்கும் பக்குவமே இருக்கவில்லை. பின்னர் பல இன்னல்களைக் கடந்த அவர், தம் வீழ்ச்சியையே பிறருக்கு எச்சரிக்கையாக எடுத்துரைத்து வருகிறார் என்பதையும் கூறுதல் நியாயம்.

ஓர் இந்தியர் வகுத்த கணக்கு

இத்தகைய தவறுகளைக் குறைக்கக் கணிப்பொறியின் துணையை நாடிய முதற் கோஷ்டிகளுள் டல்லஸ் கௌபோய்ஸ் ஒன்று. 1960களில் அதற்குத் துணை நின்றவர் இந்தியாவிற் பிறந்த புள்ளிவிபர நிபுணர் சலாம் குறெய்ஷி. அமெரிக்க உதைபந்தாட்டத்தைப் பற்றி அவர் ஏதும் அறியாதவர். அந்த அறியாமையே அவருக்கு அனுகூலமாயிற்று எனலாம். 'சுறுசுறுப்பு' என்று ஒருவர் எழுதினால் அதன் பொருள் யாது என்று அவர் கேட்டார். ஒரே சொல்லை ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் ஒவ்வொரு பொருளில் வழங்கியமை அப்போதுதான் வெளிப்பட்டது. எண்ணற்ற குணங்களை வடிகட்டி, நடத்தை, உடலை ஆளும் விரைவு, போட்டி மனப்பான்மை, மனக்கூர்மை, வலிமை என்ற ஐந்தாக அவர்கள் சுருக்கினர். அவற்றுள் உடலைச் சார்ந்தவை இரண்டே என்பது கவனிக்கத்தக்கது.

அதே கோஷ்டி 1964ஆம் ஆண்டில், பத்தாம் சுற்றிலே றொஜர் ஸ்ரோபாக் என்பவரைத் தெரிவு செய்தது. கடற்படைக் கல்லூரி மாணவரான அவர் நான்காண்டு சேவை செய்யக் கடமைப்பட்டவர். அவரிடம் ஏனையோர் கண்ட பலவீனம் அதுவே. டல்லஸ் காத்திருந்தது. 1969இல் வந்து சேர்ந்த அவர் இரண்டு முறை இறுதி வெற்றியை ஈட்டிக் கொடுத்தார். பொறுமையும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே அன்றோ?

2025ஆம் ஆண்டின் மூவர்

இனி, அண்மைக் காலத்தவர் மூவரை எடுத்துக்கொண்டு, பலத்தையும் பலவீனத்தையும் சீர்தூக்கும் முறையைக் காண்போம். பலவீனம் மூவகைப்படும் என்பது நமது எண்ணம்: பிறப்பால் வந்தது, பழக்கத்தால் வந்தது, சூழ்நிலையால் வருவது. இவற்றைப் பிரித்தறியாதவர் ஆளையும் அறியார்.

2025ஆம் ஆண்டில் முதலாவதாகத் தெரிவானவர் கம் வார்ட். எடுத்த கோஷ்டி டெனசி ரைற்றன்ஸ். இவருடைய பாடசாலைக் கோஷ்டி பந்தை எறிவதைவிட ஏந்தி ஓடுவதையே பெரிதும் நம்பியமையால், பெரிய சர்வகலாசாலைகள் இவரைக் கவனிக்கவில்லை. சிறியதொரு சர்வகலாசாலையில் தொடங்கி, படிப்படியாக மயாமிக்கு வந்து, 2024இல் 39 முறை புள்ளிக்காக எறிந்தார். எந்தக் கோணத்திலிருந்தும் எறியும் கை, பதற்றமின்மை ஆகியன பலம். பெரிய வாய்ப்பை எதிர்பார்த்துப் பந்தை அளவுக்கு மிஞ்சிக் கையில் வைத்திருத்தல் பலவீனம். இது பழக்கத்தால் வந்தது. நல்ல பயிற்றுநரால் திருத்தக்கூடியது.

இரண்டாமவர் கொலராடோ சர்வகலாசாலையின் ட்ரவிஸ் ஹன்ரர். பந்தைப் பிடிப்பதிலும், பிடிக்கவிடாது தடுப்பதிலும் ஒருங்கே வல்லவர். 2024இல் 96 முறை பந்தைப் பிடித்ததோடு, எதிரியின் எறிபந்தை நான்கு முறை பறித்துமிருந்தார். துடுப்பாட்டத்திலும் பந்துவீச்சிலும் முதலாமவராய் நிற்கும் கிறிக்கெற் வீரரை நினைத்துக்கொள்க. ஆனால் அமெரிக்க ஆட்டத்தில் ஒவ்வொரு முயற்சியும் ஒரு மோதல். தாக்குவோர் ஓய்வெடுக்கும் நேரத்திலும் தடுக்க நிற்பவனுக்கு ஓய்வேது? இங்கே ஐயம் அவருடைய திறமையைப் பற்றியதன்று. அவரை எவ்வளவு பயன்படுத்துவது என்பதைப் பற்றியது. அஃதாவது, சூழ்நிலையால் வருவது.

மூன்றாமவர் ஆறாவதாகத் தெரிவான அஷ்ரன் ஜென்ரி. தந்தை கடற்படைச் சேவையில் இருந்தமையால், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் வளர்ந்தபோது இவ்வாட்டத்தைப் பழகியவர். 2024இல் 2,601 யார் பந்தேந்தி ஓடி, 1988இல் பரி சாண்டர்ஸ் நிலைநாட்டிய 2,628 யார் என்ற சாதனையை நெருங்கினார். உயரம் குறைவு என்று அறிக்கை கூறிற்று. அது பிறப்பால் வந்தது, மாற்ற இயலாது. ஆயினும் பந்தேந்தி ஓடுபவனுக்குக் குட்டையான உடல் நிலத்தோடு ஒட்டிய உறுதியைத் தருகிறது; மோதினாலும் எளிதில் விழமாட்டான். ஓரிடத்தில் குறையாவது மற்றோரிடத்தில் நிறையாவதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. ஒரே பருவத்தில் அத்தனை தடவை மோதுண்ட உடல் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதே உண்மையில் கேட்கவேண்டிய கேள்வி.

நமக்கு உரியது

கேட் மசி, றிச்சர்ட் தேலர் என்ற அறிஞர் இருவர் பல்லாண்டுத் தெரிவுகளை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முதலில் தெரிவான ஒருவன், அதே இடத்துக்கு அடுத்துத் தெரிவானவனைவிடச் சிறந்து விளங்குவது, காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைவிடச் சிறிதளவே நிச்சயமானது என்பது அவர்கள் கண்ட முடிவு. எனினும் கோஷ்டிகள் தங்கள் கணிப்பில் அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை வைத்து, முதலிடங்களுக்குப் பெருவிலை கொடுக்கின்றன என்று அவர்கள் எழுதினர். 2022ஆம் ஆண்டில் 262ஆவதாக, அனைவருக்கும் கடைசியாகத் தெரிவான புறொக் பேர்டி, 2024 பெப்ரவரியில் சன் பிரான்சிஸ்கோக் கோஷ்டியை இறுதியாட்டம் வரை நடத்திச் சென்றார். கடைசி ஆளைப் 'பொருட்படுத்தத் தேவையற்றவர்' என்று வேடிக்கையாக அழைப்பது அங்கு வழக்கம்!

இவ்வளவும் கூறியதால் அளவைகளே வீண் என்பது நமது கருத்தன்று. அளக்காமல் எடுத்தால் செல்வாக்கும் உறவுமே ஆளைத் தெரிவு செய்யும். அது இதனினும் கேடு. அளவுகோல் வேண்டும். ஆனால் அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதை அளப்பவரும் அளக்கப்படுபவரும் அறிந்திருக்கவேண்டும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் கையில் வரும் புள்ளி அறிக்கையும் ஒரு நாளைய ஓட்டத்தின் கணக்கே. அதிலே குறை காணின், அது பிறப்பால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா, சூழ்நிலையால் வந்ததா என்று பொறுமையோடு நாடுங்கள். மாணவர்களே, உங்களைப் பற்றிப் பிறர் எழுதிய பலவீனம் உண்மையாயின் வெட்கப்படாது ஏற்றுக்கொள்ளுங்கள். பிறேடியின் கால்கள் கடைசிவரை வேகம் பெறவில்லை. அவர் வென்றது தம்மிடம் இருந்தவற்றைக் கொண்டே.