அன்னாசிக் கழிவில் விளையும் ஊதா

மலேசியாவின் ஜொகூரில் கல்யாணப் பந்தி என்றால் பெரும்பாலும் சிராப் பண்டுங் பானம் உண்டு. பாலில் கலந்த அந்த ரோஜா நிறத்துக்கு ரோஜாவோடு சம்பந்தம் குறைவு, சாயப் புட்டியோடுதான் அதிகம்.

சாயத்தின் மேல் இப்போது எல்லாருக்கும் ஒரு கண். ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் பஞ்சுமிட்டாய் விற்பனைக்கே தமிழ்நாடு 2024 பிப்ரவரியில் தடை போட்டது. ‘சிவப்பு எண் 3’ சாயத்தை உணவிலிருந்து விலக்கச் சொல்லி 2025 ஜனவரியில் அமெரிக்கா உத்தரவிட்டது. கார்மின் இயற்கைச் சிவப்புதான். ஆனால் பூச்சியை உலர்த்தி அரைத்து எடுப்பது. சைவக்காரர் தொடமாட்டார்.

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வான் அஸ்லினா அகமதுவின் குழு பாக்டீரியாவிடம் நிறம் கேட்டது. குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற பாக்டீரியா, டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து வயலசீன் என்னும் ஊதா நிறமியைச் செய்கிறது. நிறம் கிடைப்பது எளிது. பாக்டீரியாவுக்குச் சோறு போடுவதுதான் செலவு. ஆய்வுக்கூட ஊட்டக் கரைசலில் வளர்த்தால் கட்டுப்படியாகாது. ஜொகூரோ அன்னாசி பூமி. பெக்கான் நானாஸ் என்று ஊர்ப் பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. ஆலையில் மிஞ்சும் அன்னாசிக் கழிவுநீரில் சர்க்கரை தாராளம். அதைக் கொடுத்தே ஊதாவை விளைவித்தார்கள். பலாவின் உறவான செம்படாக் மரத்தின் வேரடி மண்ணில் கிடைத்த புதிய பாக்டீரியா இனம் ஒன்றை 2014இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதன் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறமியை, இதே கழிவுநீரில், 50 லிட்டர் கலன் வரை வளர்த்து எடுத்தார்கள். எனக்கு நிறத்தைவிட இந்தச் சிக்கனம்தான் பெரிதாகப் படுகிறது.

கடலிலும் இந்த நிறங்கள் உண்டு. திரெங்கானுவின் பீடோங் தீவுக் கடற்பஞ்சின் மேல் வாழும் பாக்டீரியா ஒன்று புரோடிஜியோசின் என்ற சிவப்பைத் தருகிறது. வயலசீன் செய்யும் கடல் பாக்டீரியாக்களும் இருக்கின்றன. அவை அழகுக்காகச் செய்யவில்லை. தம்மைத் தின்ன வரும் ஒருசெல் உயிர்களைக் கொல்லச் செய்கின்றன.

சிக்கலும் அங்கேதான். இன்னொன்றைக் கொல்லும் நிறமியைக் கேக்கில் தடவலாமா? வயலேசியம் மனிதருக்கும் நோய் தரும். முதல் மனிதத் தொற்று பதிவானது 1927இல், இதே மலாயாவில். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வயலசீனும் புரோடிஜியோசினும் உணவு நிறமாக அனுமதி பெறவில்லை. துணிக்கும் மைக்கும் பொருந்தும். தட்டுக்கு அவசரப்படக் கூடாது.

தட்டுக்கு வந்துவிட்ட பாக்டீரியா நிறமும் ஒன்று உண்டு. காரநீர் ஏரிகளில் வளரும் ஸ்பைருலினா, நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொன்னாலும் பாக்டீரியாதான். அதன் நீலத்தை மிட்டாயிலும் சுவிங்கத்திலும் சேர்க்க அமெரிக்கா 2013இல் அனுமதித்தது. அடுத்த முறை நீல மிட்டாய் வாங்கினால், உறையைத் திருப்பி ஸ்பைருலினா என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.