மாரியில் மூலையில் கிடக்கும் மிசின்

ஐப்பசி மழை தொடங்கியதும் நீரிறைக்கும் மிசினைத் துடைத்து, சாக்கால் மூடி, கொட்டில் மூலையில் வைத்துவிடுகிறோம். தை பிறந்து, வெங்காயத்துக்கோ மிளகாய்க்கோ முதல் இறைப்பு வேண்டிவரும் நாளில் அதைக் கிணற்றடிக்குத் தூக்கிச் செல்கிறோம். கயிற்றை இருபது தடவை இழுத்தாலும் அது அசைந்து கொடுப்பதில்லை. கன்று வாடத் தொடங்குகிறது. சைக்கிளில் கட்டி ரவுணுக்குக் கொண்டுபோனால் அங்கே நாலு நாள் சுணங்கும், காசும் போகும். ஊரை விட்டு வந்து, பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் செய்யும் குடும்பத்துக்கு அந்த நாலு நாள் சிறிய விடயமல்ல.

ஓடித் தேய்ந்த மிசின்களைவிட, சும்மா கிடந்து பழுதான மிசின்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். குற்றவாளி பெரும்பாலும் தாங்கியில் விடப்பட்ட பெற்றோல்தான். இரண்டு மூன்று மாதங்களில் பெற்றோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போக, எஞ்சியது பிசினாக மாறும். காபரேற்றருக்குள் எண்ணெய் செல்லும் துவாரமோ ஊசித்துளை போன்றது. அதை அடைக்கக் கொஞ்சப் பிசினே போதும்.

மண்ணெண்ணெயில் மிசின் ஓட்டும் வித்தையை நம்மவருக்கு யாரும் வகுப்பு வைத்துக் கற்பிக்கவில்லை. 1990இன் பின் வடக்குக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டபோது, சின்னப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோலை விட்டு மிசினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நல்ல வித்தைதான். ஆனால் அதன் மறுபாதியைப் பலர் மறந்துவிட்டார்கள். நிறுத்துவதற்கு முன்னர் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெயே நிற்கும். அடுத்த நாள் குளிர்ந்த மிசின் அதைப் பற்றாது. இன்னொன்று, முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனின் ஓரமாகக் கீழே இறங்கி ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். ஒயில் குறையாமல் கூடிக்கொண்டு போகிறதென்றால் மகிழ வேண்டாம், உடனே மாற்றுங்கள். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது ஓரமாக வைக்கப்பட்ட சில மிசின்களைப் பிற்பாடு திறந்து பார்த்தோம். உள்ளே கிடந்த ஒயில் விரலில் ஒட்டவேயில்லை.

இனி, மாரிக்கு மிசினை வைக்கும் முறைக்கு வருவோம். அரை மணி நேர வேலை இது. கடைசி இறைப்பு முடிந்து மிசின் இளஞ்சூட்டில் இருக்கும்போதே பழைய ஒயிலை வடித்துவிடுங்கள். சூட்டில்தான் அழுக்கும் சேர்ந்து வரும். புது ஒயில் விடுங்கள். மிசின் நன்றாக ஆறியபின் தாங்கியை வெறுமையாக்கி, காபரேற்றரின் அடிக்கிண்ணத்திலுள்ள ஆணியைத் தளர்த்தி மிச்சத்தையும் வடியுங்கள். அப்போது பக்கத்தில் அடுப்போ, பீடியோ இருக்கக்கூடாது. பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் ஒன்று இரண்டு தேக்கரண்டி சுத்தமான எஞ்சின் ஒயில் ஊற்றி, கயிற்றை மெதுவாக நாலைந்து தரம் இழுங்கள். சிலிண்டர் எங்கும் ஒயில் படியும். பிளக்கைப் பூட்டியபின், கயிறு கனமாகத் தடுக்கும் இடம்வரை இழுத்து அப்படியே விடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். மாரி ஈரம் உள்ளே புகாது. பம்பியின் அடி ஆணியைத் திறந்து தண்ணீரையும் வடித்துவிடுங்கள். உவர்க் கிணறானால் முதலில் நல்ல தண்ணீர் ஓடவிட்டுக் கழுவுங்கள்.

சைலன்சர் வாயைத் துணியால் அடைக்க மறவாதீர்கள். குளவி மண்ணெடுத்து வந்து அதற்குள் கூடு கட்டினால், எல்லாம் சரியாக இருந்தும் மிசின் மூச்சுத் திணறும். (அந்தத் துணியைத் தையில் எடுக்கவும் மறவாதீர்கள்!) மண் தரையில் வைக்காமல் இரண்டு பலகையின் மேல் வையுங்கள்.

வெள்ளத்தில் தாழ்ந்த மிசினுக்கு வேறு வைத்தியம். ஆவலோடு கயிற்றை இழுக்காதீர்கள். முதலில் ஒயில், பெற்றோல் எல்லாவற்றையும் வடித்து, பிளக்கைக் கழற்றியபின்னரே கயிற்றை இழுத்துச் சிலிண்டரிலுள்ள தண்ணீரை வெளியேற்றுங்கள். எயர் பில்டர், காபரேற்றர் இரண்டையும் கழுவிக் காயவையுங்கள். புது ஒயில் விட்டுச் சில நிமிடம் ஓடவிட்டு, அந்த ஒயிலையும் மாற்ற வேண்டும். செலவுதான், ஆனால் பிஸ்ரன் இறுகினால் வரும் செலவு அதைவிடப் பெரிது.

மிசின் ஏன் தொடங்கவில்லை என்று பார்க்கும்போது மிசினுக்கு மூன்றே பசி என்று நினைத்துக்கொள்ளுங்கள்: எண்ணெய், நெருப்பு, அமுக்கம். பத்துத் தடவை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை: குழாய், வடி, காபரேற்றர் என்று வழியைத் தேடுங்கள். நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, நெருப்பு இல்லை. நனைந்த பிளக்கைத் துடைத்து, வயர்த் தொப்பியில் மாட்டி, அதன் மரையை மிசினின் வெறும் இரும்பில் தொட வைத்து இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். பிளக் துவாரத்திலிருந்து தள்ளியே பிடியுங்கள். அங்கே பெற்றோல் ஆவி இருக்கும். நீல நிறத்தில் பொறி வந்தால் நல்லது. மங்கலாக வந்தாலோ, வராவிட்டாலோ பிளக்கின் கரியைச் சுரண்டி, இடைவெளியை 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் அளவுக்குச் சரிசெய்து மறுபடி பாருங்கள். கொயில் போய்விட்டது என்று முடிவெடுக்க முன் ஒயிலையும் பாருங்கள். சில மிசின்களில் ஒயில் குறைந்தால் நெருப்பைத் தானே நிறுத்திவிடும் உணரி உண்டு. ஒரு கோப்பை ஒயிலில் தீர வேண்டியதற்குக் கொயில் வாங்கியவரை எனக்குத் தெரியும். கயிறு தடையே இல்லாமல் இலேசாக வந்தால் அமுக்கம் இல்லை என்று பொருள். அது கைதேர்ந்தவரிடம் கொண்டுபோக வேண்டிய வேலை.

மிசின் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் மிசினைக் குறை சொல்லாதீர்கள். உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பூட் வால்வில் குப்பை சிக்கியிருக்கிறது. பம்பியில் தண்ணீர் நிரப்பாமல் ஓடவிட்டால் அதன் சீல் சில நிமிடங்களில் கருகிவிடும்.

சித்திரை, வைகாசியில் கிணறு வற்றும்போது ஒரு காரியம் நடக்கிறது. மேலே நிற்கும் பம்பியால் ஏறத்தாழ 7 மீற்றருக்குக் கீழேயுள்ள தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே மிசினையே கயிற்றில் கட்டிக் கிணற்றுப் படியில் இறக்குகிறார்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆழத்தில் காற்றோட்டம் இல்லாததால் அது அங்கேயே தேங்கும். மிசினை நிறுத்த இறங்குகிறவர் மயங்குவார். அவரைத் தூக்க இறங்கும் மகனும் மயங்குவார். ஓடிய மிசினை நிறுத்திய பின்னரும் அந்த வாயு நெடுநேரம் கிணற்றில் நிற்கும். ஆகவே மிசினைக் கிணற்றில் இறக்கவே வேண்டாம். கிணறு ஊற விட்டு, காலையும் மாலையுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். அதுவும் முடியாவிட்டால் துலாவோ, வாளியோ, பாதிக் கன்றோ போதும். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காமல், இடுப்பில் கட்டிய கயிறும் மேலே இழுக்க நாலு பேரும், வெளிக்காற்றை உள்ளே ஊதும் வழியும் வரும்வரை கிணற்றுக்கட்டிலேயே நின்று உதவிக்குக் கூப்பிடுங்கள்.